கண்ணாடியில் பார்த்த சண்டை

என் பெரிய மகளுக்கு,

அம்மா சொல்ல, உன் தங்கை எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், சின்னவள் சௌக்கியம், உன் மாமா சௌக்கியம். அப்பா இடுப்புக்கு மேலும் கீழும் சௌக்கியம், இடுப்பு மட்டும் கொஞ்சம் கோபமாக இருக்கிறது, காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அங்கே உன் கழுத்து, தோள், முட்டி, விரல்கள் எல்லாம் தனித்தனியாக எப்படி இருக்கின்றன என்று எழுது. ‘நல்லா இருக்கேம்மா’ என்று மொத்தமாக எழுதினால் நம்பமாட்டேன். கூண்டுச் சண்டை முடியும்வரை பயிற்சி முகாமில் எல்லோருடைய போனையும் வாங்கிப் பூட்டிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய், அதனால்தான் இந்தக் கடிதம். இதை என் பயிற்சிக் காரில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டு வருகிறேன். பள்ளிக்கூடம் விட்டதும் சின்னவளை ஏற்றிக்கொண்டோம், பின் இருக்கையில் புத்தகப்பையை மேசையாக்கி எழுதுகிறாள். ஓட்டுவது பல் டாக்டரம்மா, புதிதாகக் கற்றுக்கொள்கிறார். ஸ்டியரிங்கை அவர் பிடிக்கிற பிடியைப் பார்த்தால் என்றைக்காவது அதை வேரோடு பிடுங்கிக் கையில் கொடுத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. எனவே வரி கோணலாகப் போனால் சின்னவளைக் குறை சொல்லாதே. (அக்கா, அம்மா பேசுவதை நான் நல்ல தமிழாக மாற்றி எழுதுகிறேன். மற்றவர்கள் சொன்னதை மட்டும் சொன்னபடியே வைத்திருக்கிறேன், அதை மாற்றினால் உயிர் போய்விடுகிறது.)

வீட்டில் சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று சொன்னதற்கு மாமா வந்து சரிசெய்துவிட்டுப் போனான், இப்போது சொட்டுவதில்லை, பீய்ச்சி அடிக்கிறது. சின்னவளுக்குக் கட்டுரைப் போட்டியில் அகராதி ஒன்று பரிசாகக் கிடைத்தது, அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள், நடுவில் புரண்டு அதில் முட்டிக்கொண்டு நெற்றியில் ஒரு வீக்கம், வீட்டில் சண்டைக்காரி யார் என்று புதிதாக வருகிறவர்களுக்குக் குழப்பம். உன் பழைய குத்துப்பையை அப்பா மாடிப்படிக்கு அடியில் தொங்கவிட்டிருக்கிறார். போகும்போதும் வரும்போதும் ஒரு குத்து விடுகிறார், பை அசைவதில்லை, அப்பாதான் அசைகிறார். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, எடையைக் குறைக்கிறேன் என்று தண்ணீரைக்கூடக் குடிக்காமல் கிடக்காதே, ஈரத் தலையோடு தூங்காதே.

அப்பாவின் சலூனில் இப்போது முடி வெட்டுவது இரண்டாம் பட்சம், நீயும் அந்த நெட்டைப் பெண்ணும் மறுபடி மோதப்போகிறீர்கள் என்ற செய்தி வந்த நாளிலிருந்து அங்கே தினமும் ஆலோசனைக் கூட்டம்தான். போன சண்டையை டிவியில் ஓடவிட்டு, நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி ஓடவிட்டு ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். நின்று குத்த வேண்டும் என்பது அப்பா கட்சி. பக்கத்தில் இருக்கிற தன் மெத்தைக்கடையைப் பூட்டாமலே சலூனுக்கு ஓடிவந்துவிடுகிற உன் மாமா எதிர்க்கட்சி. “நெட்டைய நின்னு அடிக்க நம்ம பொண்ணு ஏணியா கொண்டுபோகப் போறா? காலைப் பிடிச்சு வாரிக் கீழ போடணும் மச்சான், கீழ விழுந்தா நெட்டை என்ன குட்டை என்ன” என்கிறான். நாள் தவறாமல் மீசை ஒதுக்க வருகிற மீசைக்காரர், முதல் ரவுண்டு முழுக்க நீ பிடிகொடுக்காமல் சுற்றி ஓடினால் அவளுக்கு மூச்சு வாங்கும் என்று சொன்னாராம். உடனே அப்பா, “ஓடுறதுக்கா என் பொண்ணு கூண்டுக்குள்ள போறா?” என்று கேட்க, மீசைக்காரர், “உங்க கத்தி என் தொண்டையில இருக்கு, இப்போதைக்கு நீங்க சொல்றதுதான் சரி” என்றாராம்.

இத்தனை சண்டையிலும் மூன்று பேரும் ஒத்துப்போன விஷயம் ஒன்று உண்டு. நீ போன தடவை தோற்றதற்குக் காரணம், நெட்டை இடது கைக்காரி என்பதால் அவளைக் குழப்ப நீயும் இடது கைக்கு மாறியதுதான் என்பது. சின்ன வயதிலிருந்து வலது கையால் குத்திய பெண் திடீரென்று கையை மாற்றலாமா என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அதைத்தான் உனக்கு நீளமாக எழுதியும் அனுப்பினார். சாப்பிடுகிற கையாலேயே அடி, நெட்டையின் பலமெல்லாம் இடது கையில், அதற்கு எட்டாமல் எப்போதும் உன் இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றிப் போ என்று. நீயும் ‘சரிப்பா, அப்படியே செய்றேன்’ என்று பதில் போட்டாய். அந்தப் பதிலைச் சலூன் கண்ணாடியின் ஓரத்தில் செருகிவைத்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார்.

நான் அந்தச் சண்டையைப் பார்த்ததே இல்லை என்பது உனக்குத் தெரியும். அன்றைக்குக் காரை எடுத்துக்கொண்டு ஊர் எல்லைவரை போய் நிறுத்தி, ரேடியோவைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். நீ மயங்கி விழுந்ததும் எழுந்ததும் பிறகு மாமா சொல்லித்தான் தெரியும். அதற்கப்புறம் அது வீட்டுக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன், அதனால்தான் எல்லாக் கூத்தும் சலூனில். போன வியாழக்கிழமை சின்னவள் மூச்சிரைக்க ஓடிவந்தாள், அப்பாவால் நிமிர முடியவில்லை என்றாள். நடந்தது என்னவென்றால், நெட்டை உன்னைப் பின்னாலிருந்து கழுத்தைச் சுற்றிப் பிடித்தாளே, அதிலிருந்து எப்படித் தப்பிப்பது என்று வாக்குவாதம் முற்றி, செய்தே பார்த்துவிடுவோம் என்று மாமாவும் அப்பாவும் பக்கத்துக் கடைக்குப் போயிருக்கிறார்கள். மீசைக்காரர் பாதி மீசையோடு நாற்காலியில். அங்கே இருப்பதிலேயே விலை கூடிய மெத்தையில் மாமா அப்பாவின் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட, அப்பா பதறிப்போய் மெத்தையைப் படபடவென்று தட்ட, மாமா விட, விட்ட வேகத்தில் அப்பா மெத்தையிலிருந்து உருண்டு தரையில் விழுந்தார். மெத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. பாவம் இடுப்பு.

நான் போனபோது அப்பா பெஞ்சில் குப்புறக் கிடந்தார். மாமா தைலம் தேடிக்கொண்டிருந்தான். நான் காலியாக இருந்த நடு நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரே கண்ணாடி, கண்ணாடிக்குள் டிவி, டிவிக்குள் நீ. பார்க்கக் கூடாது என்று சட்டென்று நாற்காலியைச் சுழற்றித் திருப்பிக்கொண்டேன். சலூன் நாற்காலி, எண்ணெய் போட்டது, அழகாகச் சுற்றியது, சுற்றி நின்ற இடத்தில் அசல் டிவியே என் மூக்குக்கு நேரே. கண்ணை மூட மறந்துவிட்டேன். நீ வலது கையால் ஒரு குத்து விட்டாய். எப்போதும் போல. “இவ எங்கங்க இடது கைக்கு மாறினா? சோத்துக்கையாலதானே குத்துறா?” என்றேன். அப்பா கிடந்தபடியே, “நல்லா பாருடி, இடது கை” என்று கண்ணாடியைக் காட்டினார். நான் டிவியைக் காட்டினேன். மாமா கண்ணாடியைப் பார்த்தான், டிவியைப் பார்த்தான், மறுபடி கண்ணாடியைப் பார்த்தான். முதலில் சிரித்தது மீசைக்காரர்தான், பாதி மீசையோடு. அந்த டிவி நாற்காலிகளுக்குப் பின்னால், பெஞ்சுக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறது. வெட்டுகிறவர், வெட்டிக்கொள்கிறவர், காத்திருக்கிறவர் எல்லோரும் கண்ணாடிக்குள்தான் அதைப் பார்க்கிறார்கள். எழுத்தெல்லாம் திரும்பித் தெரிவது அவர்களுக்குப் பழகிப்போய்விட்டது. ஆயுசு முழுக்கக் கண்ணாடியைப் பார்த்தே கிருதா ஒதுக்கி, ஒரு நாளும் இடம் வலம் மாறாத மனிதர், பெற்ற பெண்ணின் கையை மாற்றிவிட்டார். (அக்கா, நான் இரண்டு அழிப்பான்களை எதிரெதிரே வைத்துப் பார்த்தேன். நெட்டையும் வலது கைக்காரிதான். நீ அப்பா சொன்னபடி உன் இடப்பக்கமாகச் சுற்றினால், நேராக அவளுடைய வலது கைக்குள்ளேயே போய் நிற்பாய். அப்பாவிடம் காட்டினேன். இரண்டு அழிப்பான்களையும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.)

இப்போது ஒரு கோடு இழுத்திருக்குமே, அது என் பிரேக். குறுக்கே ஒரு சைக்கிள். டாக்டரம்மா மன்னிப்புக் கேட்கிறார், கூடவே உன் பல் காப்பு பழசாக இருந்தால் மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், ஆனால் நாற்காலியைத் திருப்பவில்லை. கடைசிவரை பார்த்தேன். என் வலது கால் தரையை அழுத்தி அழுத்தி நின்றதாம், பயிற்சிக் காரில் என் பக்கம் இருக்கிற பிரேக்கை மிதிப்பது போல. நான் உணரவில்லை, சின்னவள்தான் பார்த்திருக்கிறாள். நெட்டை உன் கழுத்தைச் சுற்றிப் பிடித்தாள். உன் கை ஒன்று விரிந்து கீழே இறங்கியது. பாயில் தட்டினால் போதும், நடுவர் விலக்கிவிடுவார், தோல்வி, அவ்வளவுதான், வீட்டுக்கு வந்துவிடலாம். அந்தக் கை பாய்க்கு மேலேயே நின்றது. பிறகு விரல்களை மடக்கிக்கொண்டு திரும்பிப் போனது. அப்புறம்தான் நீ மயங்கினாய். இத்தனை நாள் இத்தனை பேர் பார்த்தும் அந்தக் கையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நான் அப்பாவிடம், இந்தத் தடவை மாட்டிக்கொண்டால் தட்டிவிடு என்று அவளுக்கு எழுதப்போகிறேன் என்றேன். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஜெயிக்கப் போற பொண்ணுக்கு யாராவது தோக்குறதுக்கு வழி சொல்லி எழுதுவாங்களா?” என்றார். “கொஞ்சம் முன்னாடி பக்கத்துக் கடையில என்ன பண்ணீங்க?” என்று கேட்டேன். மாமா சும்மா இருக்காமல், “என் கை கழுத்துல படுறதுக்கு முன்னாடியே தட்ட ஆரம்பிச்சுட்டாருக்கா” என்றான். “உங்க கழுத்துக்கு ஒரு சட்டம், என் பொண்ணு கழுத்துக்கு ஒரு சட்டமா?” என்றேன். அப்பா, மாமா தைலம் தேய்க்க இடுப்பைக் காட்டியபடியே, “எழுது. நானும் சொன்னேன்னு எழுது” என்றார். தைலம் காரம் என்று முகத்தைப் பெஞ்சுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இனி என் கேள்வி. அப்பாவின் கடிதத்தைப் படிக்கும்போதே அது தப்பு என்று உனக்குத் தெரிந்திருக்கும். நீ எந்தக் கையால் சண்டை போட்டாய் என்று உனக்குத் தெரியாதா? குத்து வாங்கியவளுக்கு அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரியாதா? ஆனாலும் ‘சரிப்பா, அப்படியே செய்றேன்’ என்று எழுதினாய், அப்பா மனசு நோகும் என்று. அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. சின்ன வயதில் செருப்பு கடித்தால்கூடச் சொல்லமாட்டாய், அப்பா ஆசையாக வாங்கியது என்று நொண்டிக்கொண்டே பள்ளிக்கூடம் போவாய். அன்றைக்குக் கூண்டுக்குள் அந்தக் கை திரும்பிப் போனதும் இப்படித்தானா? சலூனில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தாயா? நினைத்திருந்தால் கேட்டுக்கொள். அங்கே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இடது எது வலது எது என்றே தெரியவில்லை. அவர்களுக்காக மூச்சை இழக்காதே. நான் ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது முதல் நாள் பிரேக்கைத்தான் காட்டுவேன். நன்றாக மிதிக்கத் தெரிந்தவர்கள்தான் பிறகு பயமில்லாமல் வேகமாகப் போகிறார்கள், இவ்வளவு வருஷத்தில் நான் பார்த்தது அது. தட்டத் தெரிந்தால் நீயும் இன்னும் துணிந்து குத்துவாய். எந்தப் பக்கம் சுற்றுவது, நிற்பதா விழுவதா என்பதெல்லாம் உன் பயிற்சியாளர் பாடு. முன்பு எழுதியதையெல்லாம் தலைகீழாகத் திருப்பிப் படித்துக்கொள்ளச் சொல்கிறார் அப்பா, அதையும் செய்யாதே, மொத்தமாக மறந்துவிடு.

சண்டை நாளன்று சலூனில் மூன்று நாற்காலிகளையும் டிவி பக்கம் திருப்பிவைக்கப்போகிறார்கள். கண்ணாடியை மூட மாமா மெத்தை விரிப்பு கொண்டுவருகிறான். நடு நாற்காலி எனக்கு. இந்தத் தடவை காரை எடுத்துக்கொண்டு ஓடமாட்டேன், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு முழுசாகப் பார்ப்பேன். ஆனால் உன் கை பாதியில் திரும்பிப் போகாது என்று தெரிந்தால்தான் என்னால் அது முடியும். அதற்குப் பழக்கமாக ஒரு வேலை சொல்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் அப்பாவுக்கு ஒரு வரி எழுது: ‘அப்பா, நீங்க சொன்னது தப்பு.’ முன்னாலும் பின்னாலும் ஒன்றும் சேர்க்காதே, ‘மன்னிச்சுக்கோங்க’ வேண்டாம், ‘பரவாயில்ல’ வேண்டாம். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். எழுதட்டும், ஆனால் கொஞ்சம் சின்ன எழுத்தாக எழுதட்டும் என்றார். கண்ணாடி ஓரத்தில் ‘சரிப்பா’வை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்கிறார்.

உன் கையும் காலும் கழுத்தும் பத்திரமாக இருக்கட்டும், நினைத்தது நடக்கட்டும், ஜெயித்தாலும் தட்டினாலும் நீ எங்கள் பெரியவள். முடியை இறுக்கிப் பின்னிக்கொள், பல் காப்பை மறக்காதே, அந்த ஒரு வரியை முதலில் அனுப்பு.

நடு நாற்காலியில் காத்திருக்கும்
உன் அம்மா

(அக்கா, வண்டி சலூன் வாசலில் நின்றுவிட்டது. அப்பா நிமிர்ந்து நின்றுதான் வேலை செய்கிறார். தபால்காரர் வந்தாரா என்று எங்களிடம் கேட்கிறார், நாங்கள் இன்னும் இதை உறையில்கூடப் போடவில்லை.)