ஒரே பெஞ்சில்

1972 ஆகஸ்ட் 2, புதன்

காலையிலேயே புழுக்கம். ஏழே முக்கால் வண்டி இருபது நிமிஷம் லேட். திருவள்ளூரில் ஏறும்போதே தாவணி முதுகோடு ஒட்டல்.

காலேஜில் பியானோ கிளாஸ் இன்றுதான் நிஜமாக ஆரம்பம். இதுவரை மூன்று வாரமாக மிஸ் ரோட்ரிக்ஸ் போர்டில் கோடு போட்டுப் புள்ளி வைத்ததோடு சரி. எட்டுப் பெண்கள், இரண்டு பியானோ. அதில் ஒன்றுக்கு நடுவில் ஒரு கட்டை அமுங்கினால் எழுந்திருக்காது, நாமே விரலால் தூக்கிவிட வேண்டும்.

மிஸ்ஸின் ஏற்பாடு: பெஞ்சுக்கு இரண்டு பேர். ஒருத்தி வலது கைப் பாகம், மற்றவள் இடது கைப் பாகம். பொங்கல் வரை இப்படியே. அப்புறம்தான் ஒருத்திக்கே இரண்டு கையும்.

எனக்கு ஜோடி வேதவல்லி (இனி வே.). கேட்டு வாங்கவில்லை, அதுவாக அமைந்தது. ஒரே ஊர், ஒரே வண்டி, அதே லேடீஸ் பெட்டி. நான் வலது, அவள் இடது.

மானம் போன சமாச்சாரம்: மிஸ் “ஒன்றாம் விரல்” என்றதும் சுண்டுவிரலை வைத்தேன். நம்மூரில் எண்ண ஆரம்பிப்பது அதில்தானே. அவர்களுக்குக் கட்டைவிரல்தான் ஒன்றாம். திட்டு விழுமுன் பக்கத்தில் பார்த்தால் வே.யும் சுண்டுவிரல். சிரிப்பை அடக்கி அடக்கி இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர்.

ஆகஸ்ட் 5, சனி

செய்ய வேண்டியது: நகம் வெட்ட. தாவணிக்கு ஓரம் அடிக்க. சரித்திர நோட்டு ஷீலாவிடம் திருப்பித் தர.

நகம் இருந்தால் மிஸ் பெஞ்சை விட்டு எழுப்பிவிடுகிறார். வே. வீட்டில் செவ்வாய் வெள்ளி நகம் வெட்டக் கூடாதாம். அதனால் திங்களே வெட்டிக்கொண்டு வருவேன் என்கிறாள். அவர்கள் கோயில் தெரு. பெரியப்பா கோயிலில் கைங்கர்யம், அப்பா பட்டணத்தில் ஒரு ஆபீசில் குமாஸ்தா. நைனாவுக்கு அவர் ட்ரெயின் சிநேகம், ‘ஐயங்கார் சார்’ என்பார். ஆறு வருஷமாக இரண்டு பேருக்கும் அதே நாலாவது பெட்டி. நைனா அம்பத்தூரில் இறங்கிவிடுவார், அவர் கடைசி வரை.

சாப்பாட்டு வேளையில் வே. என் டப்பாவைத் தொட மாட்டாள். கொய்யாப்பழம் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். எனக்கு அதில் வருத்தமில்லை, வீட்டுப் பழக்கம். ஆனால் பெஞ்சில் அப்படி முடியாது. ஒன்றரை ஆள் உட்காரும் பெஞ்சு. இருவரும் ஒட்டித்தான் உட்கார வேண்டும்.

வீட்டில் தகரப்பெட்டி மூடி மேல் பாடம். அம்மா: “இன்னாடி பெட்டியத் தட்டிக்கினே கீற, உள்ள எலி கீதா?”

நைனா: “உடு, படிக்கட்டும். லேத்து ஓட்டக் கத்துக்கினப்போ நானும் இப்பிடித்தான். ஊட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது.”

ஆகஸ்ட் 16, புதன்

மழை வருவது போல் வந்து ஏமாற்றம்.

பன்னிரண்டாம் பாடம் முடித்தோம். ஏதோ ஒரு தேசத்துத் தாலாட்டு மெட்டு. கிளாஸ் முடிந்து வண்டிக்கு முன் அரை மணி கிடைக்கிறது, மிஸ் சாவியைத் தந்துவிட்டுப் போகிறார். முதலில் அவள் முந்துவாள், இல்லை நான் முந்துவேன். இன்று இரண்டு பாகமும் சேர்ந்து போய்ச் சேர்ந்து நின்றன. முடிந்த பிறகும் கையை எடுக்கவில்லை. அவள் முழங்கை என் முழங்கை மேல்.

“எஸ்தர், நாமதானாடி வாசிச்சோம்?” என்றாள்.

இதை எழுதவே சந்தோஷமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

கோயில் விட்டு வந்து கறிக்குழம்பு. சாப்பிடும்போது நைனாவிடம் எல்லாம் சொன்னேன். பெஞ்சு, வலது இடது, மெட்டு, செப்டம்பர் முப்பதாம் தேதி பெற்றோரை அழைத்து நிகழ்ச்சி, எல்லாம். சோற்றில் கை வைத்தபடியே கேட்டார்.

“சாரோட பொண்ணா? ஒரே பெஞ்சிலயா?”

“ஆமாம்.”

இரண்டு தரம் கேட்டார்.

ஆகஸ்ட் 21, திங்கள்

நைனா வேலை விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல்:

“காலைல சாராண்ட சொன்னேம்மா. சார், உங்க பொண்ணும் எம் பொண்ணும் ஒரே பெஞ்சில குந்திக்கினு வாசிக்கிறாங்களாமே, பார்க்கறதுக்குக் கண்ணு ரெண்டு போதாது சார்னேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

“அப்டியான்னாரு. ரொம்ப சந்தோஷம்னாரு.”

வே. வீட்டில் பியானோ என்று சொல்லியிருக்கிறாள். யாரோடு என்று சொன்னாளா, தெரியாது. நான் கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்ததால்தான் கேட்கவில்லை போல.

ஆகஸ்ட் 23, புதன்

வெயில். தலைவலி.

வண்டியில் வே. கதவோரம் நின்றுகொண்டே வந்தாள். இடம் இருந்தது.

கிளாஸில் மிஸ் பட்டியல் வாசித்தார். வேதவல்லி, ஷீலா. எஸ்தர், ரெஜினா. “கை அளவு பார்த்து மாத்தியிருக்கேன்” என்றார். யாரும் யார் கையையும் அளக்கவில்லை.

மிஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை. ரெஜினா நல்லவள், தாளம் தவறாதவள். ஷீலா கீழ்ப்பாக்கத்து டாக்டர் பெண். அவள் பக்கத்தில் வே. முழங்கையைத் தன் விலாவோடு ஒட்ட வைத்துக்கொண்டு வாசித்தாள், எங்கேயும் பட்டுவிடாமல். பழகிப்போச்சு போல. எனக்குத்தான் அந்தப் பக்கம் காலி.

ஆகஸ்ட் 26, சனி

திருவள்ளூர் பிளாட்பாரத்தில் கூட்டம் கலைந்தபின் வே. தானாக வந்தாள். அவள் சொன்னது அப்படியே:

“அப்பா கோபப்படலை. கோபப்பட்டிருந்தா அழுது தீத்திருப்பேன். மிஸ்கிட்ட சொல்லி இடத்தை மாத்திக்கோன்னார். இல்லேன்னா காலேஜும் வேண்டாம், தையிலே கல்யாணம்னுட்டார். ஆத்துல எல்லாரும் அதுக்குத்தான் காத்துண்டிருக்கா. நேக்குப் படிக்கணும் எஸ்தர்.”

“சரி” என்றேன்.

“நீ ஏதாவது சொல்லேன்.”

“சரின்னு சொன்னேனே.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் இடத்தில் நான் இருந்தால் நானும் இதைத்தான் செய்திருப்பேன். புரிகிறது. புரிந்தும் மன்னிக்க முடியவில்லை, என்ன செய்ய.

நாங்கள் காலனி. இரண்டு தலைமுறையாக வேதக்காரர்கள், தாத்தாவோடு கழனி வேலையும் முடிந்தது. நைனா லேத் ஆபரேட்டர், நான் பி.ஏ. இதெல்லாம் சேர்ந்து ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருந்தேன். நைனாவும் அப்படி நினைத்துத்தானே வாயைத் திறந்தார். அவர் தப்பா, அவரிடம் போய்ப் பீற்றிக்கொண்ட என் தப்பா? என் தப்புதான். நைனாவுக்கு இது தெரியக் கூடாது. தெரிந்தால் உடைந்துபோவார்.

செப்டம்பர் 10, ஞாயிறு

தூறல். துணி காயவில்லை.

இந்த இரண்டு வாரத்தில் நைனாவிடம் சொன்ன பொய்கள்:
வே. நன்றாக இருக்கிறாள்.
தாலாட்டு மெட்டு இன்னும் மெருகு ஏறிவிட்டது.
அவள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.
நிகழ்ச்சிக்கு வர லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை நைனா, சின்ன விசேஷம்தான்.

கடைசிப் பொய் பலிக்கவில்லை. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டாராம். “ஃபோர்மேன் கேட்டாரு, இன்னாய்யா விசேஷம்னு. எம் பொண்ணு பியானோ வாசிக்குதுன்னேன். மிஷின ஆஃப் பண்ணிட்டு எல்லாம் வந்து கேட்டுக்கினு போனானுங்க.”

கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 30, சனி

நல்ல வெயில். நைனா ஹாலில் கடைசி வரிசை, நாற்காலி நுனியில். ஐயங்கார் சார் முன்னால்.

முதலில் வே.யும் ஷீலாவும். நான்காவதாக நானும் ரெஜினாவும். நான் தப்பே விடவில்லை. ஒரு தப்பாவது விட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது, நைனாவுக்கு அதைப் பற்றிப் பேசக் கிடைத்திருக்கும்.

வெளியே ஐயங்கார் சார் தானாக நைனாவிடம் வந்தார். “உங்க பொண்ணு நன்னா வாசிச்சா” என்றார். மனசாரத்தான் சொன்னார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபம். வே. பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வண்டியில் நைனா பக்கத்தில். பெரம்பூர் தாண்டித்தான் பேச்சு.

“அந்தப் பொண்ணு ஏம்மா வேற ஆளோட குந்திக்கினு வாசிச்சுது?”

“கை அளவு பார்த்து மிஸ் மாத்திட்டாங்க நைனா.”

வில்லிவாக்கம். கொரட்டூர்.

“எப்ப மாத்துனாங்க?”

“ஆகஸ்ட்ல.”

அம்பத்தூரில் பாதிப் பேர் இறங்கினார்கள். அவர் கம்பெனிக்காரர் ஒருவர் ஜன்னலில் கை காட்டினார், நைனா பார்க்கவில்லை.

“நான் சாராண்ட சொன்னேனே. அதுக்கு முன்னாலயா, பின்னாலயா?”

“முன்னால” என்றேன்.

தலையை ஆட்டினார். லேத்தில் கடைந்தது நூலிழை கூடினாலும் கையில் எடுத்ததுமே சொல்லிவிடுகிற மனுஷர். நான் சொன்னதை நம்பினாரா, தெரியவில்லை. ஆவடி வருவதற்குள், “நல்லா வாசிச்சம்மா” என்றார்.

அக்டோபர் 3, செவ்வாய்

நேற்று லீவு, முந்தாநாள் கோயில். இரண்டு நாளும் நைனா சாதாரணமாகத்தான் இருந்தார். கூரைக்கு ஓலை செருகினார், அம்மாவோடு சந்தைக்குப் போய் வந்தார். எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

இன்று காலை மேகமூட்டம். ஸ்டேஷனுக்கு வழக்கம்போல் நைனாவோடு நடந்து போனேன். வண்டி வந்து நின்றது. நாலாவது பெட்டி சரியாக எங்களுக்கு நேர். நைனா ஏறவில்லை. டிபன் தூக்கைக் கை மாற்றிக்கொண்டு, பெட்டி பெட்டியாகக் கடந்து, பிளாட்பாரத்தின் கோடிக்கு நடந்தார். வேகமாக இல்லை. யாரோ “இன்னா வாத்யாரே, அங்க எங்க போற?” என்று கேட்டார்கள், சும்மா கை ஆட்டினார்.

ஐயங்கார் சார் அதற்குள் ஏறி நாலாவது பெட்டியில் ஜன்னலோரம். பேப்பரின் நடுத்தாளைத் தனியாக எடுத்துக் கையில் வைத்திருந்தார். தினம் நைனாவுக்குக் கொடுப்பது அதுதான் போல, எனக்கு இன்றுதான் தெரிந்தது. வெளியே எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்ததும்:

“அப்பா வரலையா இன்னிக்கு?”

லீவு என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லி அலுத்துவிட்டது.

“வந்திருக்கார் சார். கடைசிப் பெட்டிக்குப் போய்ட்டார்.”

“ஏன்?” என்றார்.

உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.