குன்றவாயிலுக்கு வாராத பொன்

மலைமேல் உறையும் தெய்வம் காக்க. மூன்று ஆறுகளும் வற்றாது ஓடுக. மூவாற்று நாட்டைத் தம் வெண்குடை நிழலில் வைத்துக் காக்கும் கோவேள் மாமன்னரின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டு, ஆவணித் திங்கள் வளர்பிறை ஆறாம் நாள், அரசவைப் பொருளமைச்சன் நக்கன் திருவடி எழுதும் ஓலை. வடவெல்லைக் காவலும், குன்றவாயில் கோட்டையின் தலைமையும், அவ்வூர் நாலாயிரம் மக்களின் அன்பும் ஒருங்கே உடைய எயினி நங்கையார் திருமுன் இது வைக்கப்படுக. தங்கள் மதில் நிலைபெறுக, தங்கள் குடிகள் குறைவின்றி வாழ்க என்று தொடங்குவது நம் அவையின் மரபு. அதை எழுத எனக்குக் கை கூசுகிறது, ஆயினும் எழுதிவிட்டேன்.

நங்கையீர், சுற்றி வளைக்க மாட்டேன். தாங்கள் கேட்ட பொன் வராது. கணவாயைக் காத்து நிற்கும் தொள்ளாயிரம் கூலிக் குதிரைவீரருக்கு வரும் பௌர்ணமிக்குள் கொடுத்தாக வேண்டிய ஆண்டுக் கூலி அது. பேசிய நாளில் கூலி வந்தால் நிற்போம், வராவிட்டால் கிளம்பிவிடுவோம், இதில் மனத்தாங்கல் ஒன்றும் இல்லை என்று அவர்கள் தலைவன் மல்லரையன் சொன்னதாகத் தாங்கள் ஆனி மாதத்திலேயே எழுதியிருந்தீர்கள். அவர்கள் கிளம்பிய மறுநாளே, மலைக்கு அப்பால் காத்திருக்கும் பகைவரான காரையரின் படை கணவாயில் இறங்கும் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த ஓலை எனக்குக் கிடைக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. கிடைத்தது, படித்தேன், இன்னும் இரண்டு திங்கள் இருக்கிறதே என்று எண்ணினேன்.

பொன்னை வெளியூருக்கு அனுப்ப நம் தலைநகரில் இரண்டு பணமாடங்கள் உண்டு என்பதைத் தாங்கள் அறிவீர்கள். பருந்து மாடத்தார் நான்கே நாளில் குதிரை மாற்றிக் குதிரை ஏறிக் கொண்டுபோய்ச் சேர்ப்பர்; நூற்றுக்குப் பத்து எடுத்துக்கொள்வர். தாமரை மாடத்தார் புதியவர். அனுப்புவதற்குக் கூலி இல்லை என்றார்கள். கொடுத்த பொன் பெறுபவர் கையைச் சேரும்வரை சும்மா கிடக்காது, வளர்ந்துகொண்டே இருக்கும் என்றார்கள். அனுப்புவதும் வளர்ப்பதும் ஒரே இடத்தில், ஒரே முத்திரையில் முடியும் என்றார்கள். என் அறிவைப் பாருங்கள்! இரண்டையும் ஒப்புநோக்கி, நிறை இது, குறை இது என்று முப்பத்தொரு ஓலை எழுதினேன். ஒரு திங்கள் அதிலேயே போயிற்று. பருந்துக்கு நூற்றுக்குப் பத்தா, பகற்கொள்ளை அல்லவா என்று அவையில் முழங்கினேன். சிக்கனக்காரன் என்று பெயர் எடுத்தவனுக்கு அந்தப் பெயரைக் காப்பாற்றுவதே பெரிய வேலையாகிவிடுகிறது.

இதற்கு மேல் ஒன்று செய்தேன். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. தாமரை மாடத்தில் சேர்ந்தவர் இன்னொருவரை அழைத்து வந்தால் இருவருக்கும் ஆளுக்கொரு பொற்காசு என்று அறிவித்திருந்தார்கள். படைத்தலைவரை அழைத்துச் சென்றேன். அரண்மனை மருத்துவரை அழைத்துச் சென்றேன். கடைத்தெரு வணிகர் அறுபது பேரை ஒரே நாளில் ஊர்வலம்போல் கூட்டிச் சென்றேன். அமைச்சரே போடுகிறார், நமக்கென்ன பயம் என்று அவர்களும் கைப்பொன்னை எல்லாம் கொண்டுபோய்க் கொட்டினார்கள். கருவூலத்துப் பொன் முழுவதையும் குன்றவாயிலுக்கு என்று சொல்லி நானும் கொட்டினேன். இசைவோலையை நீட்டினார்கள். முன்பக்கத்தில் தாமரை வரைந்து பொன்னிற மை பூசியிருந்தது. பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல் எழுத்து. மடைப்பள்ளிக்கு வாங்கும் உப்புக்குக்கூட இரண்டு பக்கமும் படித்துக் கையொப்பமிடுகிற நான், அன்று மோதிரத்தை அழுத்திவிட்டு எழுந்து வந்தேன்.

ஆடி முடிந்தும் பொன் சேரவில்லை என்று தங்கள் இரண்டாம் ஓலை வந்தபோதுதான் பின்பக்கத்தைப் படித்தேன். அனுப்பக் கொடுத்த பொன்னும் முதலில் மாடத்தின் மிளகு வணிக மரக்கலங்களில் முதலீடாக ஏறும், கலங்கள் திரும்பிய பின்னரே பெறுபவருக்குச் சேரும் என்று இருந்தது. கலங்கள் கீழைக்கடலுக்கு அப்பால் நிற்கின்றன. வாடைக்காற்று எழுந்தால்தான் திரும்பும். அதற்கு இன்னும் மூன்று திங்கள். மாடத்துத் தலைவர் தனதத்தரிடம் ஓடினேன். அவர் மோர் கொடுத்து உட்காரவைத்தார். பொன் பத்திரமாக இருக்கிறது, ஐயா எதற்கு இப்படிப் பதறுகிறீர்கள், காற்று திரும்பட்டும், இரட்டிப்பாகத் தருகிறோம் என்றார். அவர் பொய் சொல்லவில்லை, நங்கையீர். அதுதான் என்னைக் கொல்கிறது. ஒவ்வொரு வெள்ளியன்றும் தங்கள் பொன் இவ்வாரம் இவ்வளவு வளர்ந்தது, வாழ்க என்று எனக்கு ஒரு மங்கல ஓலை வருகிறது. பொன் கொழுத்துக்கொண்டிருக்கிறது, ஊர் சாகப் போகிறது.

கடனாகவேனும் திரட்டுவோம் என்று கடைத்தெருவில் வீடு வீடாகப் படியேறினேன். இருந்தால் கொடுக்க மாட்டோமா, தாங்கள் சொன்ன இடத்தில்தானே போட்டிருக்கிறோம் என்றார்கள். எவரும் என்னைத் திட்டவில்லை. எண்ணெய் வணிகர் ஒருவர் மட்டும், குன்றவாயிலில் என் மகளைக் கொடுத்திருக்கிறேன் ஐயா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அறுபத்திரண்டு வயதில் நடுத்தெருவில் அழுத அமைச்சன் இந்நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நம் படை தென்கடல் எல்லையில் நிற்கிறது. ஓலை போய்ப் படை திரும்ப ஒரு திங்களுக்கு மேல் ஆகும். மன்னர் திருமுன் அனைத்தையும் உரைத்தேன். அவர் கடிந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். எயினிக்கு எழுதிவிட்டீரா என்று மட்டும் கேட்டார். பிறகு ஊரைக் கிளப்பச் சொல்லி, அரச முத்திரையை என் பக்கம் தள்ளினார்.

என் மனைவி தன் நகைகளைத் தானே கழற்றித் தந்தாள். அவற்றை இவ்வோலையுடன் பருந்து மாடத்தார் வழி அனுப்பியிருக்கிறேன். தொள்ளாயிரம் வீரருக்கு அவை கால் கூலிகூட ஆகா. மல்லரையனிடம் காட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். வழியில் நாலாயிரம் பேருக்கு ஆறு நாள் மாவு வாங்க அவை போதும்.

ஆகவே மாமன்னரின் ஆணை இது. ஓலை கண்ட அன்றே முரசறைந்து ஊரைக் கிளப்புக. பிள்ளை பெற்றவரும் நோயாளரும் வண்டியில் வருக, ஏனையோர் நடக்க. பௌர்ணமிக்கு முன் எல்லோரும் வெள்ளாற்றைக் கடந்து தென்கரை சேர்ந்திருத்தல் வேண்டும். கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு காத்திருந்து பயனில்லை. தங்களுக்கு உதவ எவரும் வரப்போவதில்லை. தங்களை நான் அறிவேன். ஊரை அனுப்பிவிட்டு வாயிலில் தாங்கள் மட்டும் வாளேந்தி நிற்கலாம் என்று எண்ணுவீர்கள். கூடாது. நான் இழைத்த தவறுக்குத் தாங்கள் சாவது முறையன்று. கடைசி வண்டி ஆற்றைக் கடக்கும்போது அதன் பக்கத்தில் தாங்கள் நடந்து வர வேண்டும்.

அரச முத்திரை மேலும் என் மோதிர முத்திரை கீழும் இட்டு, இவ்வாணை மறுப்பின்றி நிறைவேற்றப்படுக என்று கட்டி அனுப்பினோம். இவ்வோலையை எரிக்க வேண்டாம், ஆற்றில் விட வேண்டாம். நாளை அவையில் எவனேனும் எழுந்து, எல்லைக் கோட்டையைக் கைவிட்டு ஓடி வந்தவள் என்று தங்களை நோக்கி விரல் நீட்டினால், இதனை எடுத்து முதல் எழுத்திலிருந்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நான் உயிரோடிருந்தால், என்னையே படிக்கச் சொல்லுங்கள்.