தோதான இடம்

ஜூன் 12, வியாழன். மதுரை லாட்ஜ்.

முட்டி வலிக்கு டாக்டரைப் பார்க்க வருகிறேன், எங்கே தங்கலாம் என்று தம்பியிடம்தான் கேட்டேன்.

"ரயிலடிப் பக்கம் ரூம் போடுக்கா. அங்கனருந்துதான் ஆஸ்பத்திரிக்குத் தோது. எங்க வீடு ரொம்பத் தூரம்" என்றான். நம்பினேன்.

இன்று காலை ஆட்டோ ஊரெல்லாம் சுற்றி அவன் தெருவிலேயே போய் நின்றது. ஆஸ்பத்திரிக்கு எதிர்வீடு அவனுடையது. புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு வந்தபோது பார்த்த அதே பச்சை கேட்; எதிரே ஆஸ்பத்திரி இருப்பதை அன்று கவனிக்கவில்லை. மாடியில் அவன் பெண்டாட்டி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் போன் பண்ணினான்.

"ரூம் தோதா இருக்காக்கா?"

"உனக்குத் தோதாத்தான்டா இருக்கு."

சிரித்தான்.

அவன் பிள்ளைகளுக்கென்று கூடலூரிலிருந்து சுமந்துவந்த பன்னீர் திராட்சையை நானே தின்றுகொண்டு எழுதுகிறேன். இனிப்பாகத்தான் இருக்கிறது.