ஏறியது இருவர், இறங்கியது நீ மட்டும்

உன் வீட்டு வாசலில், செருப்புகளுக்கு நடுவே அந்தப் பனிச்சறுக்கு பூட்ஸ் காய்ந்துகொண்டிருந்தது. நீ போய்விட்டாய்; கழுவியும் பூட்ஸின் வாடை போகவில்லை. நனைந்த பஞ்சு, பழைய பிளாஸ்டிக், கொஞ்சம் உன் கால். காலிங் பெல்லை அழுத்தினேன்.

உன் மகள்தான் கதவைத் திறந்தாள். காட்டாங்குளத்தூரில் பாடம் நடத்துகிறாள். விடுமுறை கிடைத்தால் பனிச்சறுக்கு கற்கப் போய்விடுகிறாள். அந்தப் பைத்தியம் உன்னிடமிருந்து வந்தது. "அடுத்த வாரம் அப்பா போன அதே மலைக்குப் போறேன் அங்கிள். இதைத்தான் போட்டுக்கப் போறேன்" என்றாள். உன் கால் சின்னது என்று எத்தனை கிண்டல் செய்திருப்பேன்! அவளுக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. "இது ஏறுறதுக்கு எப்படி, இறங்குறதுக்கு எப்படி? நீங்கதான் அப்பாகூட இறங்கினீங்களே."

அவள் முழங்கால் ஜவ்வு பேட்மின்டனில் ஒருமுறை கிழிந்து, தைக்கப்பட்டது. அதையும் அவளே நினைவூட்டினாள்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், உடைந்த மிக்ஸிகளுக்கும் சைக்கிள் பம்புகளுக்கும் இடையில் நீ இதைக் கண்டெடுத்த நாள் எனக்கு மறக்கவில்லை. "இன்னா சார் அப்டி பார்க்கற? ரோபோ காலு சார் இது. மாட்டிகினு நடந்தா கீயவே வியமாட்ட" என்றான் கடைக்காரன். ஷூ கம்பெனியில் வேலை பார்த்த நீ அவன் பேச்சைக் காதில் வாங்கவில்லை. குதிகால் பின்னால் இருந்த நெம்புகோலைத் தூக்கி, கணுக்காலை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தாய். "மலை ஏறுறதுக்குன்னே செஞ்சிருக்கான்டா. எவ்ளோ லேசா இருக்கு பாரு!" பனிக்குப் போவது அங்கேயே முடிவாகிவிட்டது. பயிற்சி வகுப்புக்கு என் பெயரையும் சேர்த்தே கொடுத்தாய்.

உன் மகளிடம் ஏற்றத்தைப் பற்றித் தயங்காமல் சொன்னேன். பனிச்சறுக்குப் பலகையின் அடியில் வழுக்காத பட்டையை ஒட்டிக்கொண்டு, குதிகாலைப் பூட்டாமல் நாம் சரிவில் நடந்தோம். எனக்கு வாடகைக்குக் கிடைத்த கனமான பூட்ஸ், ஒவ்வொரு காலிலும் அம்மிக்கல் கட்டியதுபோல் இருந்தது. நீயோ தாம்பரம் பிளாட்பாரத்தில் நடக்கிறவன்போல் போய், வளைவுக்கு வளைவு எனக்காகக் காத்து நின்றாய். "கால்ல ஷூ இருக்கிறதே தெரியலடா!" அதையும் சொன்னேன்.

"இறங்குறப்போ?"

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. 'பார்த்தேன்' என்று எழுதினால், எங்கே நின்று பார்த்தேன் என்றும் எழுத வேண்டும். இளம் நிருபர்கள் பலரை அந்த ஒரு கேள்வியால் விழிக்க வைத்திருக்கிறேன். அன்று உன் சோபாவில் உட்கார்ந்து நான் விழித்தேன்.

உச்சியில் கீழே எட்டிப் பார்த்ததும் பயந்து, என் பலகைகளைக் கழற்றிவிட்டேன். நீ பட்டையை உரித்து, நெம்புகோலை அழுத்திப் பூட்டிக்கொண்டு கிளம்பினாய். நான் பலகைகளை அணைத்துக்கொண்டு ரோப்காரில் ஏறினேன். கண்ணாடி வழியே உன்னைப் பார்த்தபடியே இறங்கினேன். வழவழப்பான பனியில் நீ போட்ட வளைவுகள் அழகாகத்தான் இருந்தன. பாதிக்குக் கீழே, பலர் உழுதுவிட்டுப்போன கட்டிப் பனியில் அந்த லேசான பூட்ஸ் உனக்கு ஈடுகொடுக்கவில்லை. நீ முன்னால் சாய்ந்தால் அதுவும் மடங்கிக் கொடுத்தது. விழுந்தாய், எழுந்தாய், மறுபடி மறுபடி விழுந்தாய்.

கீழே டீக்கடையில் காலரிலிருந்த பனியைத் தட்டிக்கொண்டே சொன்னாய்: "ஏறுறப்போ கால்ல ஷூ இருக்கிறதே தெரியல. இறங்குறப்பவும் தெரியல. அதான்டா பிரச்சனை." பிறகு குரலைத் தாழ்த்தினாய். "நீ ரோப்கார்ல வந்ததை நான் பார்க்கல. நான் விழுந்ததை நீ பார்க்கல. ஓகேவா மச்சான்?"

வீட்டுக்கு வந்ததும், "ரெண்டு பேரும் சல்லுனு இறங்கினோம்" என்று நீதான் ஆரம்பித்தாய். காதோரம் காற்று விசிறியடித்ததைச் சேர்த்தது நான். ஒவ்வொரு பொங்கலுக்கும் கதையில் ஒரு வளைவு கூடியது.

உன் மகள் பதிலுக்காகக் காத்திருந்தாள். நன்றாக இறங்கும் என்று சொன்னால் அவள் முழங்காலுக்கு ஆபத்து. சரியாக இறங்காது என்றால், எப்படித் தெரியும் என்று கேட்பாள். முழுவதையும் சொன்னேன். ரோப்கார், கண்ணாடி, நீ விழுந்த இடங்கள், டீக்கடை.

சமையலறையிலிருந்து உன் மனைவி வந்து நின்றார். "முதுகெல்லாம் நீலம் பாரிச்சிருந்ததேண்ணா. பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னாரு. அதுக்காகத்தான் ரப்பர் மேட் வாங்கிப் போட்டேன். இன்னும் கிடக்கு." சிரிக்கத்தான் ஆரம்பித்தார். முடியவில்லை.

உன் மகள் வாசலுக்குப் போய் பூட்ஸை உள்ளே எடுத்து வந்தாள். முன்பக்கத்தைக் கையால் அழுத்திப் பார்த்தாள். "அங்கேயே கெட்டியா ஒண்ணு வாடகைக்கு எடுத்துக்கறேன். ஏறுறது கஷ்டமா இருந்தா இருக்கட்டும்." பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "நீங்க ரோப்கார்ல வந்ததை அப்பா என்கிட்டகூட சொல்லல அங்கிள்."

நீ கடைசிவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் என்னைக் காட்டிக்கொடுத்தபோது உன்னையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். அவள் முழங்காலுக்காகத்தான் என்றால் நீ சரி என்றுதான் சொல்வாய். நீ அப்படிச் சொல்லிவிடுவாய் என்பது தெரிந்தே சொன்னேன், அதுதான் உறுத்துகிறது. நீ காத்த வாக்கு இப்போது என்னிடம் மட்டும் இருக்கிறது, உடைந்துபோய்.

கிளம்பியபோது இருவரும் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட் வந்து திறந்தது. அவர்கள் கண்ணெதிரே அதில் ஏறக் கூச்சமாக இருந்தது. நாலு மாடியும் படியில் இறங்கினேன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.