பின்வாசல் நோயாளி

மார்ச் 4

அன்புள்ள டாக்டர் தம்பிக்கு,

போன வாரம் உன் கிளினிக் முன்வாசலில் முப்பது பேர் கையில் அட்டையோடு எடை மெஷினுக்கு வரிசை கட்டி நிற்க, நான் மட்டும் மகாராணி போலப் பின்வாசலில் நுழைந்தேன். கண்ணிமையை இழுத்துப் பார்த்து, "ரத்தம் கம்மிக்கா, இரும்பு மாத்திரை போடு" என்று டீ ஆறுவதற்குள் வைத்தியத்தை முடித்தாய். சொந்தக்காரிக்கு அட்டையும் கிடையாது, எடையும் கிடையாது. எடையைப் பொறுத்தவரை எனக்கு ஏக சந்தோஷம்.

மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. "வாயை மூடிட்டு ஏறு, வாங்காது" என்கிறார் உன் அத்தான். சொல்ல விட்டுப்போனது ஒன்று: நீ மாத்திரை தருவதற்கு முன்பிருந்தே மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது. இதைக் கடிதத்தில் எழுதும் அக்கா உலகத்திலேயே நான் ஒருத்திதான்.

உன் குண்டக்கா

மார்ச் 11

அக்காவுக்கு,

இரும்பு மாத்திரை போட்டால் கறுப்பாகத்தான் போகும். பயப்படாதே. உன் கடிதத்தை என் பெண்டாட்டிக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

தம்பி

ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

மோதிரம் கழன்று சாக்கடையில் போயிற்று. தையல்காரர் மூன்றாம் முறையாக என் துணிகளைப் பிடித்துத் தைக்கிறார். "இது உங்க தங்கச்சி அளவாம்மா?" என்று கேட்டார். நாலு வாய் சாப்பிட்டால் வயிறு திம்மென்று ஆகிவிடுகிறது. மிச்சத்தைத் தின்று உன் அத்தான்தான் ஊதுகிறார்.

உன் பாதி குண்டக்கா

ஜூலை 9

அக்காவுக்கு,

ஊரே இளைக்க ஓடுகிறது, உனக்கு உட்கார்ந்த இடத்தில் கிடைத்திருக்கிறது. மாத்திரையை நிறுத்தாதே. வெளியே கூட்டம்.

தம்பி

அக்டோபர் 20

தம்பிக்கு,

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். இரைப்பையில் கட்டி. ஈரல் வரை போய்விட்டதாம். ஆறு மாதம் முந்தி வந்திருந்தால் வெட்டி எடுத்திருப்பார்களாம்.

"எத்தனை மாசத்துல எத்தனை கிலோ குறைஞ்சீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். தையல்காரரைத்தான் கேட்க வேண்டும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. இங்கே எனக்கும் அட்டை உண்டு. காலையில் வரிசையில் நின்று எடை பார்க்கிறேன். பேச்சுத்துணைக்குப் பஞ்சமில்லை.

உன் கடிதங்களை வைத்துப் புகார் கொடுக்க வேண்டும் என்று உன் அத்தான் குதிக்கிறார். அவற்றை என் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன். உன் பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் முன்வாசல் வழியாக வரச் சொல்.

படிவத்தில் 'இதற்கு முன் பார்த்த மருத்துவர்' என்று ஓர் இடம். தம்பிதான் பார்த்தான் என்றேன்.

"தம்பி சரிம்மா, டாக்டர் யாரு?" என்றாள் நர்ஸ்.



"டாக்டர் யாரும் பாக்கலம்மா" என்றேன். அப்படியே எழுதிக்கொண்டாள்.

அக்கா