முதுகில் வைத்த கை

என் செல்ல மகளுக்கு,

உனக்குத் தமிழ் படிக்க வராது; அம்மா வாசித்துக் காட்டுவாள். இங்கிலீஷில் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

சர்ச் கொயரில் பாடும்போது நீ ஒரு தோளை இறக்கி நிற்கும்போதெல்லாம், "கோணாதே, எல்லாரும் பாக்கிறாங்க" என்று திட்டினேன். வீட்டுக்கு வந்ததும் முதுகில் தட்டினேன். தட்டினேன் என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

"டாடி, ஐ ஆம் ஸ்டாண்டிங் ஸ்ட்ரெயிட்" என்பாய். எதிர்த்துப் பேசுகிறாய் என்று நினைத்தேன்.

போன மாதம் எலும்பு டாக்டர் உன்னைக் குனியச் சொன்னபோது முதுகின் ஒரு பக்கம் மட்டும் மேடாகத் தெரிந்தது. வளர வளர முதுகெலும்பு வளைகிறது, இது பழக்கம் இல்லை, நீ நினைத்தாலும் நேராக நிற்க முடியாது என்றார். உடம்பைச் சுற்றி இறுக்கும் பெல்ட் போட்டால் மேலும் வளையாமல் தடுக்கலாமாம். அப்போது நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

இன்று காலை, நான் நாச்சாரம் ஃபேக்டரிக்கு வேலைக்குக் கிளம்பும் முன், அந்தப் பிளாஸ்டிக் பெல்ட்டின் பட்டையை இறுக்கிவிட உன் பின்னால் வந்து கையை நீட்டினேன். நீ கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைத்து நின்றாய்.

அடிக்க வரவில்லையம்மா. பட்டையை மாட்டத்தான் வந்தேன்.

உன் டாடி