ஹெட்டில் இருந்த கீறல்

என் தோஸ்த் கரீமுக்கு,

நீ போய்ப் பத்து மாதமாகிறது. இன்றைக்கு உன் வாடகைக் காரைத் தொட்டேன். பயந்துகொண்டேதான், உன்னிடம் மறைப்பதற்கென்ன.

உன் மகள் ஜுபைதாவுக்கு நிறைமாதம். வலி எடுத்தால் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸை நம்ப முடியுமா? "இஞ்சினை மூடிக் குடுங்கண்ணே, மாப்பிள்ளை ஓட்டிக்குவாரு" என்று உன் ஆமினா கேட்டாள். நீ கழற்றிப் போட்டபடியே கிடந்தது, கசிவை அடைக்கிற பழைய கேஸ்கட் தகடு ஒட்டிக்கொண்டு.

பெட்ரோலே வேண்டாமென்று மண்ணெண்ணெயும் துணியுமாகத் தெருவில் உட்கார்ந்தேன். அதற்கே ஆமினா அடுப்பை அணைத்துவிட்டாள். பிள்ளைத்தாய்ச்சிக்கும் நேற்றுச் சோறுதான். பக்கத்து வீடுகளிலும் சொல்லாமலே அணைத்துவிட்டார்கள். எல்லோரும் என் கையையே பார்த்தார்கள்.

சிலிண்டர்களைத் துணியால் அடைத்துவிட்டு, மூங்கில் சீவலால் கொஞ்சம் கொஞ்சமாக வழித்தேன். சிலிண்டர்களை மூடுகிற ஹெட்டைத் திருப்பி நகத்தை ஓட்டினேன். நடுவில் தட்டியது. கரீமு, அது நான் போட்ட கீறல்.

போன தடவை வழித்தது நான்தானே. டேனரியில் இருபது வருஷமாகத் தோல் வழிக்கிற திமிர். "தோலுக்கே வலிக்காம வழிக்கிறவன்டா நான்" என்று உன்னை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, அந்தத் தோல் கத்தியையே இரும்பில் போட்டேன். கீறியது தெரிந்தது. கேஸ்கட் மூடிக்கொள்ளும் என்று வாயைத் திறக்கவில்லை. நாலே நாளில் அங்கே தண்ணீர் கசிந்தது. நீ தனியாகத் திரும்ப அவிழ்த்தாய். சவாரிக்கு நேரமாகிறதென்று பெட்ரோல் ஊற்றிக் கழுவினாய். எரிகிற அடுப்பு நாலடி தள்ளி இருந்தது. குப்பென்று உன்மேல் பற்றிக்கொண்டது.

கீறலை நீ பார்த்திருப்பாய். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் பேசிக்கொண்டுதானே இருந்தாய், ஏன் கேட்கவில்லை?

மட்டமான கண்ணாடிப் பலகைமேல் எமரித்தாளை விரித்து, கீறல் மறையும்வரை பாதி நாள் ஹெட்டைத் தேய்த்தேன். துடைத்து, அடைத்த துணிகளை எண்ணி எடுத்து, புது கேஸ்கட் வைத்து மூடினேன். வண்டி ஓடுகிறது, ஒரு சொட்டுக் கசியவில்லை. பயம் மட்டும் போகவில்லை.

ஆமினா பக்கத்தில் வந்து நின்றாள். "அவருக்கு எப்பவும் அவசரந்தான். உங்கள மாதிரி நிதானமா செஞ்சிருந்தா இன்னிக்கு இருந்திருப்பாருண்ணே" என்றாள்.

"ஆமாம்மா" என்று சொல்லிவிட்டேன் கரீமு. என் வாயாலேயே சொல்லிவிட்டேன்.

உண்மை தெரிந்தால் இனி அண்ணே என்று கூப்பிடுவாளா? வாசலிலாவது நிற்க விடுவாளா? ஆனாலும் ஜுபைதா குழந்தையோடு நல்லபடியாக வீடு திரும்பும் அன்றைக்கு, ஆமினாவிடம் சொல்லிவிடுவேன். உன்மேல் கிடக்கிற பழியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதுவரைக்குமாவது,
உன் மச்சான்
முருகேசன்